43 ஜெபக் குறிப்புகள், 31 கிடைத்தன. ஸ்தோத்திரம் (நன்றி) சொன்னது எத்தனைக்கு?

தாமிரபரணிக்கரை (இழையைத் தொடங்கியவர்), ஞாயிறு மாலை 4.10

போன வாரம் வீடு மாற்றினோம். பரணைக் காலி பண்ணும்போது பழைய குக்கர் அட்டைப்பெட்டிக்குள் ஒரு நோட்டு கிடைத்தது. 2019-இல் குடும்ப ஜெபத்துக்காக நானும் வீட்டுக்காரியும் எழுதி வைத்தது. நாற்பது பக்க நோட்டு, அட்டையில் மகள் வரைந்த மயில். உள்ளே வரிசையாக எண் போட்டு 43 ஜெபக் குறிப்புகள்.

மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிய வேண்டும். ஸ்கூட்டர் கடன் அடைய வேண்டும். சின்னவளுக்கு விடாத சளி. மாடி போர்ஷனுக்கு நல்ல குடித்தனம் வர வேண்டும். எதிர்வீட்டு அண்ணாச்சிக்கு வேலை கிடைக்க வேண்டும் (இது 17-ஆம் எண்). இப்படியே போகிறது.

மூட்டை கட்டுவதை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து எண்ணினோம். 43-இல் 31 நடந்திருக்கிறது. ஏழெட்டு நடக்கவில்லை. மீதி எங்களுக்கே புரியவில்லை. 28-ஆம் எண்ணில் 'அந்த விஷயம்' என்று மட்டும் இருக்கிறது. எந்த விஷயம் என்று இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை.

கேட்கும்போது எண் போட்டு, தேதி போட்டு எழுதியவர்கள், கிடைத்த பிறகு ஒரு டிக் கூட அடிக்கவில்லை. இத்தனைக்கும் 'அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே' என்ற வசனத்தை ஃபிரேம் போட்டு நடைக் கதவுக்கு மேலே மாட்டியிருந்தோம். நோட்டு கிடைத்த அதே நாளில்தான் அதையும் கழற்றிப் பழைய பேப்பரில் சுற்றினேன்.

உங்கள் வீட்டில் எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறீர்கள்? பிரசங்கம் வேண்டாம். என்ன செய்கிறீர்கள் என்று சொன்னால் போதும்.

பனங்கிழங்கு, ஞாயிறு மாலை 4.32

அண்ணே, 28-ஆம் எண்ணுக்கும் சேர்த்தே ஸ்தோத்திரம் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு மறந்தாலும் அவருக்கு எந்த விஷயம் என்று தெரியும்.

ஆனால் நம் ஆட்கள் ஸ்தோத்திரம் சொல்வதில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. போனை எடுத்தால் ஸ்தோத்திரம், வைத்தால் ஸ்தோத்திரம், ஜெபத்தில் அடுத்த வாக்கியம் வராவிட்டால் ஸ்தோத்திரம். எங்கள் தெரு ஜெபக்கூட்டத்தில் ஒருவர் ஜெபித்தபோது எண்ணினேன் (தப்புதான்). ஐந்து நிமிடத்தில் 38. எதற்காக என்று ஒன்றுக்கும் சொல்லவில்லை.

சாயர்புரத்து மருமகள், ஞாயிறு இரவு 8.05

தம்பி, எங்கள் மாமியார் வீட்டில் நோட்டு கிடையாது, பானை உண்டு. சோற்றுக்கு உலை வைக்க அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால், அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அடுப்படி மூலையில் இருக்கும் சின்ன மண்பானையில் போடுவார்கள். போடும்போது ஒரு வரி சொல்வார்கள். "ஆண்டவரே, இன்னைக்கும் அரிசி இருக்கு." அவ்வளவுதான். மாதக் கடைசியில் பானையைப் பெண்கள் ஐக்கியத்தார் வந்து வாங்கிப் போவார்கள்.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் இதை அரிசி சேமிப்பு என்று நினைத்தேன். ஒருநாள் அவசரத்தில் களைந்துவிட்ட அரிசியிலிருந்து எடுத்துப் போடப் போனேன். "ஈர அரிசி புழுத்துப் போகும், நாளைக்குச் சேர்த்துப் போட்டுக்கலாம்னு விடாத, இன்னைக்கு உள்ளதைக் காய்ஞ்ச அரிசியா எடுத்துப் போடு" என்றார்கள். நாளைக்குச் சேர்த்துப் போடுவது அவர்களுக்குப் பிடிக்காது. ஒரே நாளில் இரண்டு கைப்பிடி போட்டால் நேற்றைய நாளை மறந்ததாக அர்த்தமாம்.

மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபையிலும் 1910-இலிருந்து இந்தக் கைப்பிடி அரிசி நடக்கிறது என்று ஊழியக் கூட்டத்தில் கேள்விப்பட்டபோது, மாமியார் அதிசயப்படவே இல்லை. "அங்கயும் சோறுதானே சாப்பிடுறாங்க" என்றார்கள்.

இப்போது எங்கள் வீட்டில் அரிசியைக் குக்கரில் வைக்கிறோம், அதுவும் இரண்டு நாளைக்கு ஒருமுறை. மீதி நேரம் தோசை, சப்பாத்தி. பானை இருக்கிறது, மாவில் கைப்பிடி எடுக்க முடியவில்லை. அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

லேவியராகமம் வாசிப்பவன், ஞாயிறு இரவு 9.40

அக்கா, உங்கள் மாமியாருக்குத் தெரிந்து சொன்னார்களோ தெரியாமல் சொன்னார்களோ, அது நேராக வேதத்தில் பலிச் சட்டங்களைச் சொல்லும் லேவியராகமம் 7-ஆம் அதிகாரம்.

ஒரு வருடத்தில் வேதம் முழுவதையும் வாசிக்கத் தொடங்குகிறவர்கள் பலர் லேவியராகமத்தில்தான் நின்றுவிடுவார்கள், எனக்கு என்னவோ அதுதான் பிடிக்கும். 7:12 முதல் 15 வரை ஸ்தோத்திர பலியைப் பற்றியது. மிருகத்தோடு புளிப்பில்லாத அதிரசங்களும், அடைகளும், புளித்த மாவினால் செய்த அப்பமும் கொண்டுவர வேண்டும். ஆசாரியனுக்குப் பங்கு போக மீதி இறைச்சி கொண்டுவந்தவனுக்கே. ஆனால் ஒரு நிபந்தனை. அதை அன்றைக்கே சாப்பிட்டு முடிக்க வேண்டும், விடியும்வரை ஒன்றும் மீதி வைக்கக் கூடாது. அடுத்த வசனத்தில் வரும் பொருத்தனை (நேர்ச்சை) பலிக்கும் உற்சாக (தானாக விரும்பிக் கொடுக்கும்) பலிக்கும் இரண்டு நாள் அவகாசம் உண்டு. ஸ்தோத்திரத்துக்கு மட்டும் ஒரே நாள்.

ஒரு முழு ஆட்டை ஒரு குடும்பம் ஒரே நாளில் தின்ன முடியுமா? அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டே ஆகவேண்டும். கூப்பிட்டால் "என்ன விசேஷம்?" என்று கேட்பார்கள். அப்போது நடந்ததைச் சொல்லியே ஆகவேண்டும். நம் பக்கத்து அசனம் (எல்லோரும் சேர்ந்து உண்ணும் கோயில் விருந்து) இதே கணக்குதான் என்று எனக்குத் தோன்றும்.

தாமிரபரணிக்கரை அண்ணன் பிரச்சினைக்கும் இதுதான் மருந்து என்பேன். ஐந்து வருடம் கழித்து 31-க்கும் மொத்தமாக ஒரு ஸ்தோத்திர ஆராதனை வைப்பதைவிட, அன்றைக்கு ஒன்றுக்கு அன்றைக்கே.

பத்து குஷ்டரோகிகளைப் பற்றியும் ஒன்று. இயேசு குணமாக்கிய பத்துப் பேரில், யூதர்கள் அந்நியனாகப் பார்த்த சமாரியன் ஒருவன்தான் நன்றி சொல்லத் திரும்பி வந்தான். அந்த ஒன்பது பேரை நன்றி கெட்டவர்கள் என்று திட்டித்தான் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். ஆனால் "நீங்கள் போய், ஆசாரியர்களுக்கு உங்களைக் காண்பியுங்கள்" என்று சொன்னது இயேசுதான். லேவியராகமம் 14-ஐப் பார்த்தால் அது லேசான வேலையில்லை. இரண்டு குருவி, கேதுருக்கட்டை, முடி சிரைத்தல், ஸ்நானம், ஏழு நாள் கூடாரத்துக்கு வெளியே இருத்தல், எட்டாம் நாள் பலி. அவ்வளவும் முடிந்தால்தான் சுத்தமானவன் என்று முழுதாகச் சேர்ப்பார்கள். ஒன்பது பேரும் கீழ்ப்படிந்துதான் போனார்கள். வேலை முடிந்தபின் வந்து சொல்லலாம் என்று நினைத்திருப்பார்கள்.

பனங்கிழங்கு, ஞாயிறு இரவு 9.52

அதாவது ஒன்பது பேரும் சர்டிபிகேட் வாங்கத் தாலுகா ஆபீஸ் போய்விட்டார்கள். சமாரியனுக்கு அங்கே எப்படியும் டோக்கன் கொடுக்கமாட்டார்கள், அதனால் திரும்பி வந்துவிட்டான். இப்படி யோசித்ததே இல்லை பிரதர்.

பின்வரிசை பெஞ்சு, திங்கள் காலை 7.15

அன்றைக்கே சொல்வது சரி. ஆனால் சபையில் சொல்வது என்று வந்தால் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது.

நான் முன்பு போய்க்கொண்டிருந்த ஒரு சபையில் (பெயர் வேண்டாம்) ஞாயிறுதோறும் ஸ்தோத்திரக் காணிக்கைப் பட்டியலைப் பெயரோடும் தொகையோடும் வாசிப்பார்கள். வீடு கட்டி முடித்ததற்கு இவ்வளவு, பேரன் அமெரிக்கா போனதற்கு இவ்வளவு. தொகை பெரிதாக இருந்தால் வாசிப்பவர் குரல் தானாக ஏறும். ஒரு வாரம், எங்கள் தெருவில் கோழி வளர்க்கும் ஒரு பாட்டி இருபது ரூபாயைக் கவரில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். கவர் மேலே என்னிடம்தான் எழுதச் சொன்னார்கள்: 'சீக்கு வந்த பதினொரு குஞ்சும் பிழைத்ததற்காக'. அன்றைக்குப் பட்டியல் நீளம். கடைசியில் "மற்றும் சிலர்" என்று முடித்துவிட்டார்கள்.

பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை. அன்றைய பட்டியலிலேயே உண்மையான ஸ்தோத்திரம் அந்தக் குஞ்சுகளுக்கானதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

சாயர்புரத்து மருமகள், திங்கள் காலை 10.20

தம்பி சொல்வது நியாயம், அந்த "மற்றும் சிலர்" மன்னிக்க முடியாதது. ஆனால் பட்டியலே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அந்தப் பட்டியலால்தான் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தது, யாருக்குக் காய்ச்சல் விட்டது என்று எங்களுக்குத் தெரியும். தொகையை மட்டும் விட்டுவிட்டுக் காரணத்தை வாசிக்கலாமே.

அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களைக் கோயிலுக்காக விடும் ஏலத்தைப் பாருங்கள். போன தடவை ஒரு பையன் அவன் வீட்டு நாட்டுக்கோழி முட்டை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். வாழைத்தார், பூசணிக்காய், சேவல் எல்லாம் போனபிறகு அந்த ஒற்றை முட்டை ஏலத்துக்கு வந்தது. ஒருவர் 50 ரூபாய்க்கு எடுத்து, "திரும்ப விடுங்க" என்று மேஜையிலேயே வைத்துவிட்டார். அடுத்தவர் 80. அவரும் திரும்ப வைத்தார். ஏழு பேர் எடுத்தார்கள். கடைசியாக எடுத்த அண்ணாச்சி அதைக் கொண்டுவந்த பையன் கையிலேயே கொடுத்து, "அவிச்சுத் தின்னுல" என்றார். அவன் வீட்டுக்குப் போகும்வரை அதைச் சட்டைப் பைக்குள் பிடித்துக்கொண்டே நடந்தான்.

கீழவீடு, திங்கள் இரவு 11.30

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

2021 மே மாதம் என் வீட்டுக்காரர் போய்விட்டார். கொரோனா. 46 வயது. அடக்க ஆராதனை என்று பேர், ஆறு பேர்தான் நின்றோம். அதற்குப்பிறகு போனில் பேசிய ஒவ்வொருவரும், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த அன்று யோபு சொன்ன யோபு 1:21-ஐச் சொன்னார்கள். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், ஸ்தோத்திரம் சொல்லுங்க சிஸ்டர், எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம் சொல்லணும்." ஒருவர் என்னைப் போனிலேயே மூன்று தடவை சொல்ல வைத்தார். சொன்னேன். வைத்தபிறகு போனைத் தூக்கி எறிந்தேன். அந்த விரிசல் இன்னும் ஸ்கிரீனில் இருக்கிறது.

நீங்கள் எல்லோரும் நல்ல மனதோடுதான் எழுதுகிறீர்கள். ஆனால் எங்கள் நோட்டில் ஒரே ஒரு குறிப்புதான் இருந்தது. அது நடக்கவில்லை. கோயிலில் ஸ்தோத்திர ஜெபம் தொடங்கினால் இப்போதும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன்.

ஓய்வுபெற்ற உபதேசியார், செவ்வாய் காலை 5.50

மகளே, நான் முப்பத்தைந்து வருடம் உபதேசியாராக இருந்தவன். உன்னிடம் யோபு 1:21 சொன்னவர்களில் நானும் ஒருவனாக இருந்திருக்கலாம். எத்தனையோ வீடுகளில் சொல்லியிருக்கிறேன். அதற்காக முதலில் என்னை மன்னித்துக்கொள்.

நாங்கள் யோபுவை முதல் அதிகாரத்தோடு மூடிவிடுகிறோம். மூன்றாம் அதிகாரத்தில் அதே யோபு தான் பிறந்த நாளையே சபிக்கிறார். அதற்குப்பிறகு 31-ஆம் அதிகாரம்வரை வழக்காடுகிறார். கடைசியில் ஆண்டவர் கோபித்துக்கொண்டது யோபுமேல் இல்லை. ஆறுதல் சொல்ல வந்த மூன்று பேர்மேல்.

'எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்' என்பது 1 தெசலோனிக்கேயர் 5:18. எல்லாவற்றின் நடுவிலும் என்றுதான் அதற்குப் பொருள். நடந்த சாவுக்காக என்று அங்கே இல்லை.

லேவியராகமம் வாசிப்பவன், செவ்வாய் காலை 8.10

ஐயா, மரியாதையோடு ஒரு சந்தேகம். எபேசியர் 5:20-இல் 'எப்பொழுதும் எல்லாவற்றிற்காகவும்' என்றே இருக்கிறதே? அந்தச் சிஸ்டரைக் காயப்படுத்தக் கேட்கவில்லை. 'லேயும்' என்பதற்கும் 'காகவும்' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லி நாம் சுலபமாகத் தப்பித்துவிடக் கூடாது என்பதால் கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற உபதேசியார், செவ்வாய் காலை 11.25

நல்ல கேள்வி தம்பி. என்னிடம் முழுப் பதில் இல்லை. அந்த வசனம் பாடிக்கொண்டிருக்கும் சபைக்கு எழுதியது. அதற்கு முந்தின வசனம் சங்கீதங்களையும் ஞானப்பாட்டுகளையும் பற்றியது. அதை அடக்கத்துக்குப் போன வீட்டில் எடுத்து வாசிக்கத்தான் வேண்டுமா என்பதே என் கேள்வி. செத்துப்போன லாசரு உயிரோடு எழுந்து வருவான் என்று தெரிந்தும் இயேசு முதலில் அழுதார். 'நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்' என்று சொன்னது அதற்குப் பிறகு. யோவான் 11-இல் அந்த வரிசையைப் பாருங்கள்.

மகளே, 88-ஆம் சங்கீதம் என்று ஒன்று இருக்கிறது. அதில் கடைசி வசனம்வரை ஸ்தோத்திரமே வராது. இருட்டோடு முடியும். அதையும் வேதத்தில்தான் வைத்திருக்கிறார்கள். கோயிலில் வாயை மூடிக்கொண்டு நில். நிற்கிறாயே, அது போதும்.

மாதா கோயில் தெரு, செவ்வாய் மதியம் 1.00

நான் கத்தோலிக்கன், நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கம் 'ஸ்தோத்திரம்' என்பதைவிட 'நன்றி' என்றுதான் பழக்கம். உங்கள் வீட்டு ஃபிரேமில் இருக்கும் வசனமே எங்கள் பொது மொழிபெயர்ப்பில் 'அவருடைய கனிவான செயல்கள் அனைத்தையும் மறவாதே' என்று வரும். வேளாங்கண்ணிக்குப் போனால் பாருங்கள், மாதா அருங்காட்சியகத்தில் தாலியும் தொட்டிலும் வீட்டு மாதிரியும் வைத்திருப்பார்கள், எல்லாம் நன்றிக்காகக் கொண்டுவந்து கொடுத்தவை. எங்களிடமும் கணக்கு உண்டு, ஆனால் பொருளாக.

அந்தச் சகோதரிக்கு ஒன்று மட்டும். நற்கருணைக்குக் கிரேக்கத்தில் உள்ள பெயருக்கே நன்றி செலுத்துதல் என்றுதான் பொருள். உங்கள் வேதாகமத்தில் 1 கொரிந்தியர் 11-இல் 'தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட அன்று இராத்திரியிலே அப்பத்தை எடுத்து, ஸ்தோத்திரம்பண்ணி' என்று இருக்கும். காட்டிக்கொடுத்ததற்காக அவர் நன்றி சொல்லவில்லை, அப்பத்துக்காகச் சொன்னார். என் அம்மா இறந்தபோது எனக்கு இந்த இடம்தான் கைகொடுத்தது. அம்மா போனதற்கு நன்றி சொல்ல என்னால் முடியவில்லை. அன்றைக்குப் பக்கத்து வீட்டில் கொண்டுவந்து வைத்த இட்லிக்குச் சொல்ல முடிந்தது.

ஆலங்குளத்தான், செவ்வாய் இரவு 9.15

இழை கனமாகப் போய்விட்டது. சிரிப்பதற்கு ஒன்று சொல்கிறேன், ஆனால் எனக்கு இது சிரிப்பு இல்லை.

அப்பாவுக்கு 74 வயது. புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குச் சிறுநீர் டியூப்பை எடுத்தார்கள். தானாகப் போக வேண்டும், போகாவிட்டால் திரும்ப டியூப் மாட்டுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த டியூப்பை மாட்டும் வலியை ஒருமுறை பார்த்தவர்களுக்குத் தெரியும். அம்மா டம்ளர் டம்ளராகத் தண்ணீர் கொடுக்கிறார்கள். நர்ஸ் ஒரு மணிக்கு ஒருமுறை வந்து "தாத்தா, போச்சா?" என்கிறார். அப்பா தலையை ஆட்டுகிறார். பத்து மணிக்கு முகம் வெளிறிவிட்டது.

11.20-க்குப் பாத்ரூமுக்குள் இருந்து "ஸ்தோத்திரம்!" என்று ஒரு சத்தம். எங்கள் வாழ்க்கையில் அவர் அவ்வளவு சத்தமாக எதையும் சொன்னதில்லை, பேசவே காசு கேட்பவர். ஆறு படுக்கை வார்டு. பக்கத்துப் படுக்கையில் இருந்த பாய் "அல்ஹம்துலில்லாஹ், போயிடுச்சா ஐயா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நர்ஸும் சிரித்துக்கொண்டே சார்ட்டில் அளவு எழுதினார்.

இப்போது ஆறு மாதம் ஆகிறது. நேற்று டீயில் சர்க்கரை குறைவு என்று அம்மாவிடம் அரைமணி நேரம் சண்டை.

லேவியராகமம் வாசிப்பவன், செவ்வாய் இரவு 9.48

உங்கள் அப்பா செய்ததற்கு யூதர்களிடம் முறையான ஜெபமே உண்டு. கழிப்பறைக்குப் போய்விட்டுக் கை கழுவியபின் தினமும் சொல்வார்கள். மனிதனுக்குள் திறப்புகளையும் துவாரங்களையும் படைத்தீர், அவற்றில் ஒன்று அடைத்துக்கொண்டாலும் உமக்கு முன்பாக நிற்க முடியாது என்று வரும். அவர்களுடைய பழைய நூலான தல்மூத்திலேயே இருக்கிறது, பெராகோத் என்ற பகுதியில், 60ஆ. சாப்பிட்டபிறகும் தனியாக ஒரு நீண்ட ஜெபம் சொல்வார்கள், உபாகமம் 8:10-இல் 'புசித்துத் திருப்தியடைந்திருக்கையில்' ஸ்தோத்திரிக்கச் சொல்லியிருப்பதால். நாம் சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடுகிறோம். வயிறு நிறைந்தபின் ஏப்பம் மட்டும்தான்.

கீழவீடு, புதன் மாலை 6.40

உபதேசியார் ஐயாவுக்கு நன்றி. 88-ஐ வாசித்தேன். இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது.

இன்றைக்கு சிலிண்டர் போட வந்த பையன் மூன்றாம் மாடிவரை தோளிலேயே தூக்கிக்கொண்டு வந்தான். லிஃப்ட் ரிப்பேர். தண்ணீர் கொடுத்து, "ரொம்ப நன்றிப்பா" என்றேன். இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை. இட்லியைப் பற்றி எழுதியிருந்தவரால் இருக்கும்.

தாமிரபரணிக்கரை, வியாழன் இரவு 8.30

எல்லோருக்கும் பதில் எழுத வேண்டும், நேரமில்லை, புது வீட்டில் மோட்டார் ஓடவில்லை.

செய்ததைச் சொல்கிறேன். நோட்டை எடுத்துத் தினமும் இரவு ஒரு எண் என்று வைத்துக்கொண்டோம். அந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, ஸ்தோத்திரம் சொல்லி, டிக் அடிக்கிறோம். மாமியாரின் கண் ஆபரேஷனுக்கு டிக் அடித்த அன்று மாமியாரையே அடிக்கச் சொன்னோம். கண்ணாடி இல்லாமல் அடித்தார்கள். நடக்காத எண்களை என்ன செய்வதென்று முதலில் குழப்பம்தான். இந்த இழையைப் படித்த பிறகு அவற்றுக்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டுவிட்டோம்.

நேற்று சின்னவள் நடுவில் உள்ள எண்களைத் தாண்டி 17-ஐ எடுத்தாள். எதிர்வீட்டு அண்ணாச்சிக்கு வேலை. டிக் அடித்துவிட்டு, நன்றாக இருக்குமே என்று அவருக்கே போன் போட்டேன். நாலு வருடம் பேசவில்லை. "அண்ணாச்சி, 2019-இல் உங்களுக்கு வேலை கிடைக்க ஜெபித்தோம், கிடைத்ததல்லவா, அதற்கு இப்போதுதான் ஸ்தோத்திரம் சொன்னோம்" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "ஆமா தம்பி, கிடைச்சுது. ஆறு மாசம் போனேன். 2020 ஊரடங்குல எடுத்துட்டாங்க" என்றார். இப்போது மகனுடைய கடையில் அவர் உட்கார்ந்திருக்கிறாராம்.

எனக்கு அதற்குமேல் பேச வரவில்லை. உபதேசியார் ஐயா, உங்களிடம்தான் கேட்கிறேன். 17-இல் அடித்த டிக்கை வைத்திருக்கவா, அழிக்கவா?

ஓய்வுபெற்ற உபதேசியார், வெள்ளி காலை 5.40

இருக்கட்டும் தம்பி. ஆறு மாசம் அந்த வீட்டில் உலை கொதித்திருக்கிறதே. அவர் கடை எங்கே என்று கேட்டீர்களா? சாமான் வாங்க அங்கே போங்கள்.